பலகையில் வந்தவர்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் எட்டுப் பேருக்கு இரும்புச்சத்து மாத்திரை, இரண்டு குழந்தைகளுக்குத் தடுப்பூசி. ஊசி போட்டதும் ஒரு குழந்தை என்னைப் பார்த்த பார்வையில், வளர்ந்ததும் என்மேல் வழக்குப் போடுவாள் என்று தெரிந்தது. செல்லக்காமுவுக்கு ஐந்தாம் மாதம், எடை கூடவில்லை. "சாப்பிடுறியா இல்லையா?" என்று அதட்டினேன். "அவரு மொளகு பறிக்க மரத்துல ஏறிட்டார்னா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுக்கா" என்றாள். அவள் புருஷன் பொம்முராஜ் ஒற்றை மூங்கிலைச் சாத்தி நாற்பதடி மரத்தில் ஏறுகிறவன். கொடி மிளகு உச்சியில்தான் நன்றாகக் காய்க்குமாம்.

சாயங்காலம் பாறைக்கு ஏறினேன். இந்த ஈச்சங்கொம்பையில் நாற்பத்திரண்டு வீடு, ரோடு கிடையாது, வண்டி நிற்கும் அடிவாரத்துக்கு ஒன்பது கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. போன் பேசுவதென்றால் ஊருக்கு மேலே உள்ள அந்தப் பாறையில் போய் நிற்க வேண்டும். தம்பி மகளின் நிச்சயதார்த்தப் படங்கள் வந்திருந்தன. நிச்சயம் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. "நீ அங்கேருந்து எங்க வரப்போறன்னுதாம்க்கா சொல்லல" என்றான் தம்பி. நியாயம்தான். நாற்பத்தாறு வயது பியூலா அக்கா மலையில் நர்ஸாக இருக்கிறாள், கல்யாணத்துக்குச் சேலை மட்டும் எடுத்து அனுப்புவாள் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். படத்தில் எல்லோரும் இருந்தார்கள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 12, புதன்

பொம்முராஜ் மரத்திலிருந்து விழுந்துவிட்டான். இன்று எழுத முடியாது.

பிப்ரவரி 13, வியாழன்

மதுரை ஆஸ்பத்திரி வராந்தா. செல்லக்காமு சுவரோரம் ஒருக்களித்துத் தூங்குகிறாள். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. நடந்ததை முறையாக எழுதிவைக்கிறேன்.

நேற்றுக் காலை எட்டரைக்கு அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பொம்முராஜ் மரத்தடியில் மல்லாந்து கிடந்தான். மூங்கில் கணுவோடு முறிந்திருந்தது. நினைவு இருந்தது. "முதுகு, முதுகு" என்றான். ரத்தம் இல்லை. மூச்சு, நாடி, கழுத்து, கை, கால் எல்லாம் பார்த்தேன். யாரும் அவனைத் தொடக்கூடாது என்று கத்தினேன், கேட்டார்கள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

பிறகு, "ஒரு கதவைக் கழட்டிட்டு வாங்க, அதுல நேரா படுக்க வச்சுத் தூக்கணும்" என்றேன். ஒருவரும் அசையவில்லை. ஊர்ப் பெரியவர் ஒச்சு என்னைப் பார்த்து, "என்ன தாயி பேச்சு இது? உசுரோட இருக்கிறவன நீட்டிப் போட்டுத் தூக்குறதா?" என்றார். அவர் குரல் உயர்ந்ததேயில்லை. உயராத குரலோடு சண்டை போடுவது கஷ்டம்.

இந்த ஊரில் பலகையில் நீட்டிப் படுக்க வைத்துத் தூக்கப்படுவது செத்தவர்கள் மட்டும்தான். உயிரோடு இருப்பவர் டோலியில் போக வேண்டும். கம்பளியின் இரண்டு முனையையும் நீளக் கழியில் கட்டி, ஆளை உள்ளே கிடத்தி, முன்னால் இருவரும் பின்னால் இருவரும் தோளில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒன்பது வருஷத்தில் பிரசவம், பாம்புக்கடி, காய்ச்சல் என்று முப்பத்தோரு பேரை அப்படிக் கீழே இறக்கியிருக்கிறேன். ஒருவரும் வழியில் சாகவில்லை. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கம்பளிக்குள் முதுகு வளையும். முதுகில் அடிபட்டவனை வளைக்கவே கூடாது என்பது பயிற்சியின் முதல் வருஷப் பாடம்.

இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை.

பாதி வழியில், கரட்டு இறக்கம் தாண்டியதும், அவன் முனகல் நின்றது. "நர்சக்கா, இப்ப வலி கொறஞ்சிருச்சு. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியல" என்றான். தூக்கியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நானும் "நல்லது தம்பி" என்றேன். அதற்கப்புறம் அடிவாரம் வரை அவன் காலைப் பார்க்காமலே நடந்தேன்.

டவுனில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு உடனே மதுரைக்கு அனுப்பினார்கள். முதுகெலும்பில் முறிவு, இரண்டு காலிலும் அசைவில்லை. மதுரையில் ஓர் இளவயது டாக்டர், கண்ணில் தூக்கம். "விழுந்த உடனே கால் அசைஞ்சுதா சிஸ்டர்?" என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றேன். அந்த நேரத்தில் அவ்வளவு பரபரப்பு.

பிப்ரவரி 15, சனி

தனியாக மலையேறினேன். பொம்முராஜின் தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறான், செல்லக்காமு நாளை மறுநாள் வருவாள். அவள் உடம்புக்கு அந்த வராந்தா ஆகாது.

துணை சுகாதார நிலைய வாசலில் அவரைக்காய், ஒரு சீப்பு மலைவாழை, ஆறு முட்டை. நான் வருவதற்குள் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒச்சுப் பெரியவர் வந்தார். "நீங்க இல்லேன்னா பய அங்கனயே போயிருப்பான் தாயி" என்று கைகூப்பினார். நான் தடுப்பூசிப் பெட்டியைக் கழுவப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அது ஏற்கெனவே கழுவி வைத்ததுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜெபத்துக்காக ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். மூடினேன்.

பிப்ரவரி 19, புதன்

நேற்று ஆபரேஷன் முடிந்ததாம். ஆறு நாள் கழித்து. வரிசைப்படிதான் எடுப்பார்கள், அவசரம் என்றால்தான் முந்தும்.

செல்லக்காமு வந்துவிட்டாள். காலையில் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், மதியம் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டேன், சாயங்காலம் ரத்த அழுத்தம் பார்த்தேன். ஒரே நாளில் மூன்று தரம் ஒரு வீட்டுக்குப் போகிற நர்ஸை இந்த மாவட்டத்தில் பார்க்க முடியாது. "கூடப் பொறந்தவ இருந்தாக்கூட இப்படிச் செய்ய மாட்டாக்கா" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஊற்றுக்குப் போனேன். வீட்டில் இருந்த குடங்கள் எல்லாம் நிறைந்துதான் இருந்தன.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாத அறிக்கை எழுத உட்கார்ந்தேன். விபத்துப் படிவத்தில் 'நோயாளி கொண்டுசெல்லப்பட்ட விதம்' என்று ஒரு கட்டம். 'டோலி' என்று எழுதினேன். அடுத்த கட்டம் 'கொண்டுசெல்லும் முன் நிலை'. அதை விட்டுவிட்டு எடைப் பதிவேட்டை முடித்தேன், மாத்திரைக் கணக்கை முடித்தேன், அலமாரியைத் துடைத்தேன். வாழைப்பழம் எல்லாம் கறுத்துவிட்டது. ஒன்றுகூட எனக்கு இறங்கவில்லை.

மார்ச் 1, சனி

மதுரை போய் வந்தேன். இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

பொம்முராஜ் இளைத்துப்போயிருக்கிறான். தம்பிக்காரன் டீ வாங்கப் போனதும் என் கையைப் பிடித்தான்.

"நர்சக்கா, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அன்னைக்கு மரத்தடியில வெரல ஆட்டுன்னு சொன்னீங்க. ஆட்டுனேன்ல? ரெண்டு காலும் ஆடுச்சுல்ல?"

அவன் காலில் போர்வையை இழுத்துவிட்டேன்.

"டாக்டரு கேட்டப்ப நீங்க கவனிக்கலன்னீங்க. பக்கத்துலதான கெடந்தேன். அக்காவுக்கு ஏதோ சங்கடம் போலன்னு நானும் மயக்கமா இருந்துச்சு, ஞாபகமில்லன்னுட்டேன்."

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"ஆடுன காலு ஆடாமப் போச்சுன்னா தூக்குனவங்க மேலதான வரும்? எந் தம்பி, ஒச்சு அய்யா, எல்லாரும் என்னையக் காப்பாத்தத்தான ஓடியாந்தாங்க. உங்க மேலயும் வரும். நீங்களும் போயிட்டீங்கன்னா அந்த மலைக்கு யாருக்கா வருவா? எம் பொண்டாட்டிக்கு ஜூன்ல பேறுகாலம்."

எழுதிவிடுகிறேன். அவன் விரலை ஆட்டினான். நான் ஆட்டச் சொன்னேன், இரண்டு காலிலும் கட்டைவிரல் ஆடியது, கண்ணால் பார்த்தேன். பரபரப்பு என்று முன்பு எழுதியது பொய். எனக்கு அப்படியொரு பரபரப்பு வந்ததேயில்லை. பார்த்துவிட்டுத்தான் கதவைக் கேட்டேன், பார்த்துவிட்டுத்தான் டோலிக்குச் சரி என்றேன். ஒச்சுவுக்குப் பயந்து அல்ல. இந்த நாற்பத்திரண்டு வீட்டைத் தவிர எனக்கு யாருமில்லை. எல்லோரும் ஒரு பக்கம், நான் மட்டும் ஒரு பக்கம் நிற்பதற்கு எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான் காரணம். டாக்டரிடம் மறைத்தது அதைவிட மோசம், அங்கே ஊர்க்காரர் யாரும் என்னைத் தடுக்கவில்லை.

நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டியிருக்கலாம். பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆடின கால் அப்புறம் நின்னா அது அவசரக் கேஸ். அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே ஆபரேஷனுக்கு எடுத்திருப்போம் சிஸ்டர். எடுத்திருந்தா நடந்திருப்பாருன்னு சொல்ல முடியாது. நடந்திருக்க மாட்டாருன்னும் சொல்ல முடியாது" என்றார். வலது காலில் விரல் லேசாக அசைய ஆரம்பித்திருக்கிறதாம். மாதக்கணக்காகும், ஊன்றுகோலோடு நிற்கலாம், நிற்காமலும் போகலாம். பதினெட்டாம் தேதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்புவார்கள். "ஆனா டோலியில தூக்கவே கூடாது. பலகையில நேரா படுக்க வச்சு, கழுத்து, இடுப்பு, காலெல்லாம் அசையாமக் கட்டித்தான் மேல கொண்டு போகணும். மறுபடி வளைஞ்சா, திரும்பி வந்த அசைவும் போயிடும்."

மார்ச் 3, திங்கள்

ஊர் கூடும் மந்தைத் திடலில் பேசினேன். பலகை வேண்டும், எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்க வேண்டும் என்றேன். ஒச்சு தலையசைத்து மறுத்தார்.

"பேறுகாலம், பாம்புக்கடி, எல்லாத்துக்கும் நீங்க சொன்னதக் கேட்டிருக்கோம் தாயி. இத மட்டும் கேக்காதீங்க. பலகையில ஊருக்குள்ள ஒருத்தன் வந்தா, அடுத்த பலகை பின்னாடியே வரும்பாங்க. பொம்மு கீழயே ஒரு வீடு பாத்து இருக்கட்டும். செல்லக்காமுவையும் அனுப்பிருவோம்."

கீழே அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? செல்லக்காமு என்னைப் பார்த்தாள். தனக்காக நான் பேசுவேன் என்று நம்பிக்கொண்டு பார்த்தாள்.

மார்ச் 4, செவ்வாய்

அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். எதையும் குறைக்கவில்லை. விரல் ஆடியது, நான் பார்த்தது, டாக்டரிடம் மறைத்தது, ஆபரேஷன் தள்ளிப்போனது.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் மீதி அரிசியையும் புடைத்து முடித்தாள். பிறகு எழுந்து, நான் காலையில் நிரப்பி வைத்த இரண்டு குடத்தையும் வாசலில் கொட்டினாள். "போங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

மந்தையில் எல்லோரிடமும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் இருக்கும் தம்பியைத் தவிர, அவனைத் தூக்கிய மற்ற மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "அப்ப நாங்கதான் முடமாக்கிட்டோமா?" என்று ஒருவர் கேட்டார். "இல்ல, தெரிஞ்சும் விட்டவ நான்தான்" என்றேன். ஒச்சு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 6, வியாழன்

யாரும் வரவில்லை.

மார்ச் 8, சனி

யாரும் வரவில்லை. தலைவலி மாத்திரைக்குக்கூட. வாசலைக் கடப்பவர்கள் மேட்டுப் பாதையில் சுற்றிப் போகிறார்கள். ஒன்பது வருஷம் இங்கே தனியாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அது தனிமையே இல்லை என்று இப்போது தெரிகிறது.

மார்ச் 11, செவ்வாய்

எடை பார்க்கும் நாள். செல்லக்காமு வரவில்லை. ஆறாம் மாதம். வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன், உள்ளே இருமல் கேட்டது, கதவு திறக்கவில்லை. மாத்திரையைக் கூரைச் செருகலில் வைத்துவிட்டு வந்தேன்.

மாறுதல் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன். கிழித்து அடுப்பில் போட்டேன். பொம்முராஜ் மேலே வராமல் நான் கீழே போவது எப்படி?

மார்ச் 13, வியாழன்

இன்று நடந்ததை நானே நம்பவில்லை, அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

பரிசோதனை மேஜையின் மேல்பலகையை நானே கழற்றினேன். ஆறடிக்கு இரண்டடி. அடியில் குறுக்காக இரண்டு மூங்கிலைக் கட்டினேன், நுனிகள் இரண்டு பக்கமும் தோள் கொடுக்க நீட்டிக்கொண்டிருந்தன. மேலே கம்பளி, கழுத்துக்கு இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு. கட்டுவதற்கு என் பழைய சேலை மூன்று. காலை பத்து மணிக்கு மந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பலகை தரையில் உரசும் சத்தத்துக்கே பாதி ஊர் வந்துவிட்டது.

"பலகையில படுத்தா சாவு வரும்னா எனக்கு வரட்டும். நான் படுக்கிறேன். நாலு பேரு தூக்கி ஊற்று வரைக்கும் கொண்டு போய்ட்டு வாங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன். படுத்து, கால், இடுப்பு, நெஞ்சு என்று நானே சேலையைக் கட்டி, கடைசிக் கட்டுக்குள் இரண்டு கையையும் நுழைத்துக்கொண்டேன். மல்லாந்து படுத்தால் மேலே வெறும் வானம்தான் தெரியும், ஆட்கள் யாரும் தெரியமாட்டார்கள். பொம்முராஜ் அன்று இப்படித்தான் கிடந்திருப்பான் என்று அப்போதுதான் உறைத்தது.

யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. எறும்பு ஒன்று கழுத்தில் ஏறிக் காதருகே வந்தது. கட்டியிருந்ததால் தட்டிவிட முடியவில்லை. நாற்பத்தாறு வயதில், ஊர் நடுவில், தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டு கிடக்கிற பொம்பளை. சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. நாளைக்கு நான் நிஜமாகவே செத்தால் தூக்க யார் வருவார்கள் என்ற எண்ணமும் வந்தது. அது எனக்குப் புதிய எண்ணம் இல்லை. கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது, துடைக்கக் கை வரவில்லை.

காலடிச் சத்தம் கேட்டது. தலைமாட்டில் வளையல் சத்தம். செல்லக்காமு மூங்கிலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"ஏய், நீ தூக்காத! ஆறு மாசம் உனக்கு! விடுடி!" என்று படுத்தபடியே கத்தினேன்.

"ஆம்பளைங்க யாரும் தூக்கலேல்ல. எம் புருசன் வீட்டுக்கு வரணும்" என்றாள். நிஜமாகவே தூக்கினாள். என் தலைப்பக்கம் ஒரு சாண் எழும்பியது.

பொம்பளை பாடையைத் தொடுவதே இந்த ஊரில் கிடையாது. வயிற்றுப்பிள்ளைக்காரி தொடுவதா? கூட்டம் ஐயோ என்றது. ஒச்சு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை, இன்றும் பார்க்கவில்லை, வேட்டி படபடத்ததுதான் கேட்டது. "கிறுக்குக் கழுத, விடு, விடுத்தா கைய!" என்று அவளை விலக்கிவிட்டு நுனியைத் தான் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் கீழே வைக்கவில்லை. "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? இந்தக் கெழவன் ஒத்தையில தூக்கவா?" என்று திரும்பிக் கத்தினார். மற்ற மூன்று நுனிகளுக்கும் கைகள் வந்தன. அன்றைக்கு டோலி தூக்கிய அதே மூன்று பேர்.

தோளில் ஏற்றியதும் ஒச்சு நிறுத்தச் சொன்னார். "கால் முன்னாடி போவுது பாரு. பொணத்துக்குத்தான் கால் முன்னாடி. உசுரோட இருக்கிற ஆளுக்குத் தலை முன்னாடி போகட்டும். திருப்புங்கடா." திருப்பினார்கள். மலையேறும்போது தலை முன்னால் இருப்பதுதான் சரி என்று நான் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். இறங்கும்போது என்ன செய்வது என்ற சண்டையை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம்.

ஊற்றுக்குப் போய்த் திரும்பினோம். இரண்டு இடத்தில் குலுங்கியது, இடது கட்டு தளர்ந்தது, இன்னொரு சேலை வேண்டும். வழியில் ஒச்சு, "வலிக்குதா தாயி?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கேட்டது முதுகைப் பற்றித்தான்.

மார்ச் 17, திங்கள்

நான்கு நாளாகத் தினமும் பயிற்சி. படுக்க ஆள் போட்டி. இன்று ஒச்சுவே படுத்தார், பாதி வழியில் குறட்டை. நான் இன்னும் சாகவில்லை என்று தினமும் காலையில் யாராவது வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

செல்லக்காமு வரவில்லை.

மார்ச் 19, புதன்

அடிவாரத்தில் வண்டியிலிருந்து பொம்முராஜை ஆறு பேர் ஒரே மூச்சில், உடம்பு திரும்பாமல் பலகைக்கு மாற்றினோம். கட்டினோம். ஒவ்வொரு கட்டுக்குப் பிறகும் "வெரல ஆட்டு" என்றேன். வலது கால் கட்டைவிரல் ஆடியது. எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக "ஆடுது" என்றேன். கரட்டு ஏற்றத்துக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம். ஐந்தரை மணி நேரம். ஊருக்குள் நுழைந்தபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பலகையிலிருந்து அவன், "யாரும் அழுவாதீங்கப்பா, பசிக்குது" என்றான். ஒருத்தி சிரித்துவிட்டாள், பிறகு எல்லோரும்.

வீட்டில் படுக்க வைத்து, கடைசியாக ஒரு தரம் பார்த்தேன். ஆடியது. புறப்படும்போது செல்லக்காமு வாசல் வரை வந்தாள். மந்தையில் சொன்ன அந்த ஒரு பேச்சைத் தவிர, பதினைந்து நாளுக்குப் பிறகு இப்போதுதான் என்னோடு பேசுகிறாள்.

"நான் உங்கள மன்னிக்கல."

"தெரியும்" என்றேன்.

"ஜூன்ல என்னையக் கீழ கொண்டு போறப்ப நீங்கதான் கூட வரணும்" என்றாள். வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். "எனக்கு என்ன ஆனாலும், இதுக்கு என்ன ஆனாலும், கண்ணுல பாத்தத பாத்தபடி டாக்டருகிட்டச் சொல்லணும். சொல்லுவீங்களா?"

சொல்லுவேன் என்றேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, விட்டுப்போன எடையைப் பார்க்கச் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு நடந்தாள்.